ஒயின் பெயரில் பழைய பயிர்: நினைவா, வணிகமா?

பல தலைமுறையாகக் கோதுமை விளைந்த நிலம் ஒரு கட்டத்தில் திராட்சைத் தோட்டமாகிறது. அங்கே தயாராகும் ஒயினுக்கு உரிமையாளர்கள் கோதுமைக் காலத்தின் பெயரைச் சூட்டுகிறார்கள். பீரில் சேர்க்கும் ஹாப்ஸைக் காயவைத்த சூளை, ஹேசல்நட் உடைத்த ஆலை, புகையிலை ஏற்றிச் சென்ற சாலை, தவளை வளர்த்த ஓடைக்கரை என்று பலவும் இப்படி ஒயின் குப்பிகளில் ஏறியிருக்கின்றன. ஒயினுக்குப் பெயர் வரும் வழக்கமான வழிகள் திராட்சை ரகம், ஊர், குடும்பப் பெயர் ஆகியவை. அவற்றை விட்டுவிட்டு, அந்த மண்ணில் இன்று இல்லாத ஒரு பயிரை ஏன் அழைக்க வேண்டும்? அந்தப் பெயர் எதற்குச் சாட்சி?

இந்தக் கேள்விக்கு இடப்பெயர் ஆய்வாளர்கள், ஒயின் தயாரிப்பாளர்கள், பண்பாட்டு விமர்சகர்கள், உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் எனப் பலரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாட்டின் அனுபவத்திலிருந்து பிறந்திருப்பது அதற்கு ஒரு காரணம் எனலாம்.

நிலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர்கள்

மிகப் பழைய பதில் பிரான்சின் பர்கண்டியில் கிடைக்கிறது. அங்கே திராட்சை நிலங்கள் 'கிளிமா' எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெற்றிருக்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அவற்றின் எண்ணிக்கை 1,247. பெயர்களில் கணிசமானவை ஒயினுக்குத் தொடர்பில்லாத வேளாண்மையைச் சொல்பவை. ஷசான்-மோன்ராஷே ஊரின் 'லெ வெர்ஜே' பழத்தோப்பைக் குறிக்கிறது. அதே ஊரின் 'லெ ஷென்வோத்' கயிற்றுக்கும் துணிக்கும் நார் தந்த ஹெம்ப் செடியோடு தொடர்புள்ளது. போன் நகரின் 'க்ளோ தெ மூஷ்' அங்கிருந்த தேன்கூடுகளை நினைவூட்டுகிறது. வோன்-ரொமானேயின் 'லெ சுஷோ' காட்டை வெட்டியபின் எஞ்சிய அடிக்கட்டைகளைச் சுட்டுவதாகக் கருதப்படுகிறது.

மரி-எலென் லாந்திரியூ-லூசின்யி போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களை நில ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். இந்தத் தரப்பின் பார்வையில் பெயர் என்பது ஒரு படிவு. யாரும் மரியாதை செலுத்துவதற்காக அதை வைக்கவில்லை. உழவர்கள் இடம் சுட்டுவதற்காகச் சொன்னதை வரி வசூலிப்பவரும் நில அளவையாளரும் எழுதிவைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நில அளவை அதை உறையச் செய்தது. அதனால்தான் இத்தகைய பெயரை நம்பலாம் என்பது இவர்களின் வாதம். விற்கும் நோக்கம் இல்லாதவர்கள் வைத்த பெயர் பொய் சொல்லக் காரணமில்லை.

வாதம் வலுவானது, ஆனால் முழுமையானதல்ல. 'ஷார்ம்' என்ற புகழ்பெற்ற பெயரையே பார்க்கலாம். அது ஒரு மரத்தின் பெயர் என்று ஒரு சாரார் சொல்ல, உழுது கைவிட்ட தரிசைக் குறிக்கும் பழஞ்சொல்லின் திரிபு என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இதில் எதை ஏற்பது என்பதைப் பொறுத்து அந்த நிலத்தின் கடந்த காலமே மாறிவிடும். மேலும், பெயர் இருக்கிறது என்பதால் நினைவும் இருக்கிறது என்று ஆகாது. 'ஷென்வோத்' ஒயினை வாங்குபவர்களில் ஹெம்ப் செடியை நினைப்பவர்கள் மிகச் சிலராகவே இருக்க முடியும்.

சட்டமும் இந்தப் படிவைக் கலைக்கக்கூடியது. மேற்கு ஜெர்மனியின் 1971 ஒயின் சட்டம் பல்லாயிரம் சிறு நிலப் பெயர்களைச் சுமார் 2,600 ஆகச் சுருக்கியது. தப்பிய பெயர்களில் லாவ்மர்ஸ்ஹைமின் 'கிர்ஷ்கார்ட்டன்', அதாவது செர்ரித் தோட்டம், ஒன்று. தப்பாதவை பல தலைமுறை உழவரின் வாய்மொழியோடு ஏட்டிலிருந்து நீங்கின. எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

வேண்டுமென்றே வைத்த பெயர்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆஸ்திரேலியாவிலும் கதை வேறு. அங்கே பயிர் மாற்றம் ஒரே ஒரு தலைமுறையின் கண்முன் நடந்தது. கோதுமை அறுத்த குடும்பமே திராட்சை நட்டது. எனவே பெயர் தெரிந்தே வைக்கப்பட்டது. யாருக்கு, எதற்கு என்பதும் சொல்லப்பட்டது.

வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலாவில் உள்ள ஸ்பிரிங் வேலி வைன்யார்ட் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்பது என் கணிப்பு. கார்க்ரம் குடும்பத்தின் கோதுமைப் பண்ணை அது. 1990-களில் ஷாரி கார்க்ரம் டெர்பியும் டீன் டெர்பியும் கோதுமைச் சரிவுகளின் நடுவே திராட்சை நட்டார்கள். முதல் ஒயினுக்குப் பாட்டனார் யூரையா பெயர். அடுத்தடுத்த ஒயின்களுக்கும் குடும்பத்தினர் பெயர்கள் வந்தன. மெர்லோ திராட்சையில் செய்த ஒன்றுக்கு மட்டும் 'மியூல்ஸ்கின்னர்' என்று பெயர். கோவேறு கழுதைகளை ஓட்டும் ஆளுக்கு அந்த வட்டாரத்தில் வழங்கிய பெயர் அது.

அந்த வேலையைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். டிராக்டர் வருமுன் அங்கே அறுவடை இயந்திரத்தை இழுத்தவை 30-க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் பூட்டிய அணிகள். நிலமோ சமதளமன்று, அலையலையாக ஏறி இறங்கும் செங்குத்துச் சரிவு. ஓட்டுபவர் உயரத்தில் நீட்டிய இருக்கையில் அமர்ந்து, முன்வரிசைக் கழுதைகளுக்குச் செல்லும் கடிவாள வார்களாலும் குரலாலும் அத்தனை விலங்குகளையும் திருப்ப வேண்டும். பாரமான இயந்திரம் சரிவில் சாய்ந்தால் ஆளுக்கும் விலங்குக்கும் ஆபத்து. 1930-களில் டீசல் டிராக்டர் பரவியதும் இந்தத் திறன் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. உரிமையாளரின் பாட்டனாருக்குக் கிடைத்த இடம் கூலிக்கு வண்டியோட்டியவருக்கும் கிடைத்திருப்பதுதான் இந்தப் பெயரின் சிறப்பு. இத்துறையில் அது அரிது.

ஓரிகனின் டண்டீ குன்றுகள் வேறொரு வகை. உலர்பழத்துக்கான பிளம், வால்நட், ஹேசல்நட் ஆகியவைதான் அப்பகுதியின் பழைய பயிர்கள். 1962 அக்டோபர் 12 அன்று வீசிய பெரும்புயல், அக்குன்றுகள் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கின் பழத்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அதற்குச் சில ஆண்டுகளில், 1966-இல், டேவிட் லெட் அந்தக் குன்றுகளில் பினோ நுவார் திராட்சை நட்டார். 1971-இல் சோகோல் பிளாசர் குடும்பம் திராட்சை நட்டதும் கைவிடப்பட்ட ஒரு பிளம் தோப்பில்தான். 1987-இல் தொடங்கிய ஆர்கைல் நிறுவனம் பழைய ஹேசல்நட் ஆலையைத் தன் ஒயின் கூடமாக்கிக்கொண்டு, சிறந்த ஒயின்களுக்கு 'நட்ஹவுஸ்' என்று பெயரிட்டது. இங்கே பெயர் நிலத்தின் பயிரிலிருந்து நேராக வரவில்லை, பயிரைப் பதப்படுத்திய கட்டடத்தின் வழியாக வந்தது. லெட்டின் முதல் ஒயின் கூடமோ வான்கோழி பதப்படுத்திய கட்டடம். ஆனால் அவர் தன் நிறுவனத்துக்கு 'ஐரி' என்று பெயர் வைத்தது தோட்டத்து மரமொன்றில் கூடு கட்டிய பருந்துகளுக்காக. ஒரே வட்டாரத்தில் ஹேசல்நட்டுக்குக் கிடைத்த மரியாதை வான்கோழிக்குக் கிடைக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் சொனோமாவில் 1905-இல் கட்டிய ஹாப்ஸ் சூளைகள், 1970-களில் 'ஹாப் கில்ன்' ஒயின் நிறுவனமாயின. கீழ்த்தளத்தில் நெருப்பு மூட்டி, மேலே இடைவெளி விட்டு அடித்த பலகைத் தளத்தில் சாக்கு விரித்துப் பச்சை ஹாப்ஸைப் பரப்புவார்கள். சூடான காற்று அதனூடே ஏறிக் கூம்புக் கூரை வழியாக வெளியேறும். பூஞ்சை நோயும் சந்தை மாற்றமும் சேர்ந்து ஹாப்ஸை அங்கிருந்து விரட்டின. கட்டடம் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது. வீணாகப் போயிருக்கக்கூடிய ஒரு கட்டடத்தைப் பெயரும் வணிகமும் சேர்ந்து காப்பாற்றிய நிகழ்வு இது. பெயர் சூட்டலை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலைப்பகுதியில் கேப்ஸ்டெட் நிறுவனத்தின் 'டொபாக்கோ ரோடு' ஒயின்கள் புகையிலைக் காலத்தைச் சுட்டுகின்றன. இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் கிங், ஓவன்ஸ் பள்ளத்தாக்குகளில் புகையிலை பயிரிட்டன. 2006-இல் அந்தத் தொழில் முற்றிலும் நின்றது. பிட்சீனி குடும்பம் போன்றவை அதற்கு முன்பே திராட்சைக்கு மாறிவிட்டன. அவர்கள் ஒயின் விற்கும் இடமும் பழைய புகையிலைச் சூளைதான். உடல்நலக் காரணத்தால் பழிக்கப்படும் ஒரு பயிரின் பெயரை மறைக்காமல் வைத்தது துணிச்சல் என்றே சொல்ல வேண்டும்.

இதன் மறுபக்கம் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ளது. பூன்வில்லில் புகையிலை உழவர் ஒருவர் தொடங்கிய நிறுவனம் 'ராக்ஆப்பிள் லாஸி'. அவர் சிறுவயதில் வளர்த்துப் பரிசு வென்ற ஹோல்ஸ்டைன் பசுவின் பெயர் அது. தலைமுறைகளாகச் சோறு போட்ட பயிர் புகையிலை. ஒயினுக்குப் பெயர் கொடுத்ததோ பசு. உழவரின் பாசத்தில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கடந்த காலம் குப்பியில் ஏறத் தகுதி பெறுகிறது என்ற கேள்வியை இது கூர்மையாக்குகிறது.

விற்பனை உத்தி என்ற வாதம்

வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த 'மரபின் புனைவு' நூலுக்குப் பிறகு, பழமை கொண்டாடும் எதையும் ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் ஆய்வுலகில் வலுத்தது. ஒயின் பெயர்களுக்கும் இது பொருந்தும் என்பது மூன்றாவது தரப்பு. இவர்கள் சொல்வது எளிது. புதிய ஒயின் நாடுகளுக்கு நூற்றாண்டுப் புகழ் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டக் குதிரை லாயம், சிவப்புக் களஞ்சியம், பழைய கலப்பை ஆகியவை வேண்டியிருக்கின்றன.

கலிஃபோர்னியாவில் நாபாவின் 'ஃப்ராக்ஸ் லீப்' இவர்களுக்கு வாய்ப்பான சான்று. 1981-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் நிலம், ஒருகாலத்தில் சான் பிரான்சிஸ்கோ உணவகங்களுக்காகத் தவளை வளர்த்த பண்ணை. ஒரு டஜன் 33 சென்ட் என்று பழைய கணக்கேடு ஒன்றில் குறிப்பு உள்ளதாக நிறுவனம் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயர் 1976 பாரிஸ் சுவைப் போட்டியில் வென்ற 'ஸ்டாக்ஸ் லீப்' என்ற மற்றொரு நாபா நிறுவனத்தின் பெயரோடு விளையாடுவதும் வெளிப்படை. நினைவும் வணிகமும் இங்கே ஒரே பெயரில் கலந்திருக்கின்றன, பிரித்தெடுக்க வழியில்லை.

சட்டம் இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டால் 95 விழுக்காடு திராட்சை அங்கிருந்தே வர வேண்டும். இத்தாலியில் 'வின்யா' என்று சேர்த்து எழுதும் இடப்பெயர் வட்டாரப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 'நட்ஹவுஸ்' போன்ற புனைபெயர்களுக்கு இத்தகைய வரம்பு இல்லை. பழைய ஆலையின் பெயர் தாங்கிய ஒயினின் திராட்சை அந்த நிலத்தில்தான் விளைய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஆனால் இத்தரப்பின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. லாபம் தரும் நினைவு போலி நினைவு என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வணிகம்தான் நோக்கம் என்றால், வாங்குவோர் முகம் சுளிக்கக்கூடிய புகையிலையை ஒருவர் ஏன் தேர்ந்தெடுக்கிறார்? வெற்று உத்தி என்ற விளக்கம் அங்கே போதவில்லை. அதேபோல், மௌனமாக இருப்பவர்கள் நேர்மையானவர்கள் என்றும் ஆகாது. பிரான்சின் தைத்தஞ்சே ஷாம்பெயின் நிறுவனம் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஆப்பிள் தோப்புகளாக இருந்த நிலத்தில் நட்ட தோட்டத்துக்கு 'டொமேன் எவ்ரெமோன்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்து வாழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் சேன்-எவ்ரெமோனின் பெயர் அது. கென்டின் ஆப்பிளை விடப் பாரிஸின் இலக்கியம் ஷாம்பெயின் நிறுவனத்துக்குப் பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். மறப்பதிலும் வணிகம் உண்டு.

யாருடைய கடந்த காலம்?

நான்காவது தரப்பின் கேள்வி இன்னும் அடிப்படையானது: பெயரில் வருவது பயிரா, பயிர் செய்தவரா? பெரும்பாலான பெயர்களில் வருபவை கட்டடமும் கருவியும் விலங்கும் நில உரிமையாளரும். ஆஸ்திரேலியாவின் கூனவாராவில் 1982 முதல் வரும் வின்ஸ் நிறுவனத்தின் உயர்ந்த ஒயினுக்கு ஜான் ரிடாக் பெயர். 1890-இல் தன் நிலத்தைப் பிரித்துப் பழப்பண்ணைக் குடியிருப்பு அமைத்த ஆட்டுமந்தைச் செல்வர் அவர். அவருடைய ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தவர்கள் பெயர் அங்கே இல்லை.

ஹாப்ஸுக்கும் இது பொருந்தும். சூளை அழகான கட்டடம். ஆனால் ஹாப்ஸின் வரலாற்றில் 1913-உம் உண்டு. கலிஃபோர்னியாவின் வீட்லாண்ட் ஊரில் ஹாப்ஸ் பறிக்க வந்த தொழிலாளர்கள் குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் கூலிக்கும் போராடினார்கள். மோதலில் நால்வர் இறந்தார்கள். சூளையின் பெயரைச் சொல்லும் ஒயின் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்ற கட்டாயமில்லைதான். ஆயினும் 'வேளாண் கடந்த காலத்துக்கு மரியாதை' என்று சொல்லும்போது அதன் ஒரு பாதிக்கே மரியாதை போகிறது.

இந்தத் தரப்பின் முன்னோடியாகப் பிரெஞ்சு விமர்சகர் ரோலாண் பார்த்தைச் சொல்லலாம். 1957-இல் வெளியான 'மித்தாலஜிஸ்' நூலில் ஒயினைப் பற்றிய கட்டுரையின் முடிவில் அவர் அல்ஜீரியாவைச் சுட்டினார். உணவுக்குத் தட்டுப்பாடு இருந்த மக்களின் நிலத்தில், அவர்கள் குடிக்காத பானத்துக்கான பயிரைக் குடியேறியவர்கள் திணித்ததை நினைவூட்டினார். 1930-களில் அங்கே திராட்சைப் பரப்பு ஏறக்குறைய 4 லட்சம் ஹெக்டேரை எட்டியது. இடம்பெயர்ந்த தானியத்தின் பெயரைத் தாங்க அந்த ஒயின்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. விடுதலைக்குப் பின் 1970-களில் அரசு கொடிகளைப் பெருமளவில் பிடுங்கித் தானியத்துக்கு நிலத்தைத் திருப்பியது.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி தமிழ் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புள்ள இடம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாக அங்கே கொண்டுசென்றது. கோதுமை வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். 'வான் கோரமாண்டல்' என்று ஆவணங்களில் பதிந்த அடையாளமே அவர்களுக்குப் பெயராக மிஞ்சியது. கேப்பிலேயே பிறந்தவர்கள் 'வான் டெ காப்' ஆனார்கள். ஃபிரான்ஷூக் பள்ளத்தாக்கின் சோல்ம்ஸ்-டெல்டா பண்ணை 2005-இல் திறந்த காட்சியகத்துக்கு 'மியூசியம் வான் டெ காப்' என்று அந்தப் பெயரையே வைத்தது. தொழிலாளர்களுக்காக ஒரு அறக்கட்டளை அமைத்துப் பண்ணையில் பங்கும் கொடுத்தது. பெயரோடு உரிமையும் சேர்ந்து வந்த முயற்சி அது. பின்னாளில் நிறுவனம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது, இந்தப் பாதை எளிதல்ல என்பதைக் காட்டுகிறது.

இந்தத் தரப்புக்கும் ஒரு குறை உண்டு. உழைத்தவர் பெயரை லேபிளில் ஏற்றினால் நீதி கிடைத்துவிடும் என்ற எண்ணம் சிலரிடம் தெரிகிறது. பங்கோ கூலி உயர்வோ இல்லாமல் பெயர் மட்டும் வந்தால், அது அவர்களின் துயரத்தையும் விற்பதாகிவிடும்.

மண் வைத்திருக்கும் கணக்கு

பழைய பயிர் ஒயினின் சுவையில் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும் என்று ஏற்கத்தக்க சான்று கிடையாது. அருகில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தின் வாசம் ஒயினில் ஏறுவது ஆய்வில் உறுதியானது. ஆனால் அது இன்று நிற்கும் மரத்தின் வேலை. முன்பு விளைந்த பயிர் மண்ணில் விட்டுச்செல்வது வேறு. வாஷிங்டனின் பழைய ஆப்பிள் தோப்புகளில், 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பூச்சிக்கு அடித்த ஈய ஆர்சனேட்டின் எச்சம் இன்னும் இருக்கிறது. வெட்டிய மரங்களின் புதைந்த வேர்களில் தங்கும் ஆர்மிலேரியா பூஞ்சை ஆண்டுகள் கழித்துத் திராட்சைக் கொடியைக் கொல்கிறது. ஆப்பிள் தோப்பின் இனிமையைச் சொல்லும் பெயர்கள் இந்த எச்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கடந்த காலத்தை முழுதாக ஏற்பதானால் இதையும் ஏற்க வேண்டும்.

இன்னும் முடிவாகாதவை

நான்கு தரப்பையும் சேர்த்துப் பார்க்கையில் சில முடிவுகளுக்கு வரலாம் எனத் தோன்றுகிறது. தானாகப் படிந்த பெயர் நம்பகமானது, ஆனால் ஊமை. வேண்டுமென்றே வைத்த பெயர் பேசுகிறது, ஆனால் தேர்ந்தெடுத்தே பேசுகிறது. வணிக நோக்கம் இருப்பதால் மட்டும் நினைவு பொய்யாகிவிடாது. சூளையைக் காப்பாற்றியதும் வணிகம்தான். ஆளின் வேலையைக் குறிப்பிடும் 'மியூல்ஸ்கின்னர்' போன்ற பெயர், கட்டடத்தைக் குறிப்பிடும் பெயரை விட ஒரு படி மேல் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பயிரையே காப்பாற்றுவதற்குப் பெயர் ஈடாகுமா என்பது திறந்த கேள்வி. சொனோமாவின் செபாஸ்டபோல் வட்டாரத்தில் கிரேவன்ஸ்டைன் ஆப்பிள் தோப்புகள் பினோ நுவாருக்கு இடம் விட்டன. ஸ்லோ ஃபுட் இயக்கம் அந்த ஆப்பிளைக் காக்கத் தனித் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. ஆப்பிளின் பெயரில் ஒயின் வருவது ஆப்பிள் மரத்தை நிற்க வைக்காது. சில ஏக்கர் தோப்பை விட்டுவைத்த பண்ணைக்கே அந்தப் பெயரைச் சொல்ல அதிக உரிமை உண்டு என்று வாதிட இடமிருக்கிறது.

புனைபெயர்களுக்கும் சரிபார்ப்பு வேண்டுமா என்பது மற்றொரு கேள்வி. சட்டம் அதுவரை போக வேண்டியதில்லை. பின்பக்க லேபிளில் எந்தப் பயிர், எந்த ஆண்டு வரை, எதனால் நின்றது என்று இரண்டு வரி போதும். படிப்பவர் அதை ஆவணத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு வரியைத் தயாரிப்பாளர்களிடம் கேட்பது வாங்குபவரின் உரிமை.

இப்போது பழைய பயிராகும் நிலை திராட்சைக்கே வந்துகொண்டிருக்கிறது. பிரான்சின் போர்தோவில் 2023-இல் அறிவித்த திட்டத்தின் கீழ் சுமார் 9,500 ஹெக்டேர் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கப் பணம் ஒதுக்கினார்கள். அங்கே அடுத்து விளையும் பயிர் திராட்சையின் பெயரைத் தாங்குமா என்பதற்கு இன்று எந்த விதியும் இல்லை, வழக்கமும் இல்லை.